மச்சான் உதிர்த்த ஐஸ்

மே 4, ஞாயிறு. ஹொல்ஸ்டெப்ரோ, டென்மார்க்.

பிரான்சில் ஷாப்ளி என்னும் இடத்தில் வெள்ளை வைனுக்குத் திராட்சை வளர்ப்பவர்கள், உறைபனி விழும் இரவில் கொடிகளுக்குத் தண்ணீர் தெளிக்கிறார்கள். அது மொட்டைச் சுற்றி ஐஸாகி மொட்டைக் காக்கும். ஐஸ் தானாக உருகும்வரை தண்ணீரை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் மொட்டு கருகிவிடும்.

நேற்றிரவு நானும் அப்படித்தான் செய்தேன். நான்கு வருடம் வளர்த்த பதினெட்டுக் கொடிகள். இந்த வருடம்தான் முதல் வைன். விடியப்போகும் நேரத்தில் கண்ணயர்ந்துவிட்டேன்.

இரவு வேலை முடித்து வந்த மனைவியின் தம்பி தோட்டத்தைப் பார்த்திருக்கிறான். தண்ணீர்ப் பைப்பைப் பூட்டி நிறுத்திவிட்டு, ஒவ்வொரு கொடியாகத் தட்டி ஐஸை உதிர்த்துவிட்டுத்தான் என்னை எழுப்பினான்.

“பைப்பைப் பூட்ட மறந்திட்டியள் அத்தான். நல்ல காலம், நான் வந்தன்.”

“அந்த ஐஸ்தானடா பாதுகாப்பு!”

“ஐஸ் குளிரைத் தடுக்குமோ? என்ன அத்தான், நித்திரைக் குழப்பமே?”

மத்தியானம் மொட்டுகள் எல்லாம் பழுப்பாகிவிட்டன. நான் படித்த புத்தகத்தில் காற்று, பூஞ்சை, பறவை எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. மச்சானுக்கு இல்லை.

“தம்பிக்கு நன்றி சொன்னனீங்களோ?” என்று மனைவி இரண்டு தரம் கேட்டாள். இரண்டாம் தரம் கேட்டபோது போய்ச் சொன்னேன்.