நாலாவது திருகாணி

இருந்த இடத்துலேயே இருந்து ஊரைச் சிரிக்க வச்ச என் அருமை அப்பாவுக்கு,

நீங்க போய் எட்டு மாசம் ஆச்சு. கொத்தமங்கலத்து வீட்டுல இப்ப தம்பி முருகேசன் குடும்பம்தான் இருக்கு. வடக்கு வயல்ல கடலை போட்டிருக்கான். நான் காரைக்குடியில அதே பத்திர எழுத்தர் ஆபீஸ்லதான் இருக்கேன். நாலெல்லை சரியா இருக்கா, கையெழுத்து ஒண்ணுபோல இருக்கான்னு பார்க்கிற அதே வேலை. "நீ தாளை மட்டும் இல்லத்தா, ஆளையும் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்க்கிறவ"ன்னு சொல்லுவீக. சிரிச்சுக்கிட்டுத்தான் சொல்லுவீக. அது கேலியா, குறையான்னு நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

உங்களை எரிச்ச மறுநாள் காலையில, பால் தெளிச்சு எலும்பு எடுக்க முருகேசன் போனான். திரும்பி வந்தவன் கையில மண்சட்டி, சட்டைப் பையில ஒரு தாள் பொட்டலம். பிரிச்சுக் காட்டினான். கறுத்துப்போன மூணு திருகாணி. மூக்குத்தித் திருகாணியை விடக் கொஞ்சம் பெருசு. உங்க கீழ்த்தாடை எலும்புக்குள்ள பல் டாக்டரம்மா இறக்கின உலோகம். நெருப்புல எல்லாம் போச்சு, அது மட்டும் போகலை.

மத்தவுக எல்லாரும் அழுதாக. நான் எண்ணினேன்.

"நாலுல்ல இருக்கணும்?"

"இதான்க்கா கிடைச்சது."

"நாலு போட்டாக. நான் பக்கத்துலயே இருந்தேன்."

"இப்ப அதா முக்கியம்?"ன்னு கேட்டுட்டுக் குளிக்கப் போயிட்டான். எனக்கு முக்கியமாத்தான் இருந்துச்சு. அன்னைக்கு அழ முடியாததுக்கு அது ஒரு சாக்கோ என்னமோ, எனக்குத் தெரியலை.

இதை வாசிக்கிறவுகளுக்காகக் கொஞ்சம் பின்னால போறேன் அப்பா. உங்களுக்குக் கீழ்ப்பல் எல்லாம் கொட்டிப்போய் பல்செட் கட்டியிருந்தீக. அது ஈறுல நிக்கவே நிக்காது. தேவகோட்டையில ஒரு கல்யாணப் பந்தியில வடையைக் கடிச்சப்ப செட் கழண்டு இலையில விழுந்துச்சு. யாரும் பார்க்கிறதுக்கு முன்னால இலையை மடிச்சு, அதோட சேர்த்து எடுத்துக்கிட்டு எந்திரிச்சீக. அதுக்கப்புறம் ரெண்டு வருசம் எந்த விசேசத்துக்கும் நீங்க போகலை. வாய்க்கு நேரா கையை வச்சுக்கிட்டுத்தான் சிரிச்சீக.

நான்தான் விடாம அரிச்சேன். எலும்புல நாலு திருகாணி இறக்கி, அது மேல செட்டை மாட்டிட்டா ஆடாதுன்னு சொன்னேன். "எந்தாடை என்ன கதவா, திருகாணி போட?"ன்னு கேட்டீக. மூணு மாசம் மறுத்துட்டு, நாலாவது மாசம் காரைக்குடிக்கு எங்கூட வந்தீக, என் ஆபீஸ் தெருவுலேயே மாடியில இருக்கிற பல் டாக்டரம்மாகிட்ட.

டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்தாக, சர்க்கரை பார்த்தாக. கடைசியில ஒண்ணே ஒண்ணு கேட்டாக. "ஐயா, சுருட்டை விட்டுருவீகளா? புகை பிடிச்சா எலும்பு சரியாப் பிடிக்காது. திருகாணி ஆடிப்போயிரும்."

"இன்னையோட விட்டாச்சு"ன்னு சொன்னீக. எவ்வளவு சுலபமாச் சொன்னீக. அப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு.

அதுக்கப்புறம் சனிக்கிழமை சனிக்கிழமை ஊருக்கு வந்தா, உங்க துண்டை முதல்ல எடுத்து மோந்து பார்ப்பேன். துவைக்க எடுக்கிற மாதிரி எடுப்பேன். உங்களுக்கு அது தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஒரு தடவை கூட வாடை வரலை. செட் மாட்டின அன்னைக்கு எம் முன்னாலேயே ஒரு கடலை உருண்டையை நறுக்குன்னு கடிச்சுத் தின்னீக. அந்தச் சத்தத்தை நான் எத்தனையோ பேருகிட்ட சொல்லியிருக்கேன்.

அந்த நாலுல ஒண்ணைத்தான் காணோம்.

முதல் சந்தேகம் காளிமுத்து மேல விழுந்துச்சு. சுடுகாட்டுல உங்களை ராத்திரி முச்சூடும் பார்த்துக்கிட்டவர், காலையில சாம்பலைக் கிளறி எலும்பை எடுத்துக் கொடுத்தவர். அவர் வீடு கண்மாய்க்கரையில இருக்கு. அஞ்சாம் நாளு நானே போனேன். அவரும் அவர் பொண்டாட்டியும் வாசல்ல உக்காந்து கஞ்சி குடிச்சுக்கிட்டு இருந்தாக. நான் நின்னுக்கிட்டே கேட்டேன். "வெள்ளின்னு நெனச்சு எடுத்திருந்தா கொடுத்துருங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவர் கஞ்சியைக் கீழே வச்சார். "எரிஞ்சு கிடக்கிறதுல எது தாயி வெள்ளியாத் தெரியும்?"

அவர் பொண்டாட்டி என்னைப் பார்க்கவே இல்லை. கும்பாவை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டாக.

மறுநாள் அவர் தன்னால சல்லடை ஒண்ணை எடுத்துக்கிட்டுப் போய், மிச்சம் கிடந்த சாம்பல் முழுசையும் வெயில்ல உக்காந்து சலிச்சாராம். முருகேசன் வந்து சொன்னான். "மதியம் வரைக்கும் சலிச்சாருக்கா. இல்லைன்னுட்டார்." எனக்கு மனசு இரங்கலை. எடுத்தவரே சலிச்சா எப்படிக் கிடைக்கும்னு கேட்டேன். முருகேசன் எந்திரிச்சுப் போயிட்டான். அதுக்கப்புறம் பத்து நாளு எங்கூடப் பேசலை.

ஒரு மாசம் கழிச்சு சந்தேகம் டாக்டரம்மா பக்கம் திரும்பிருச்சு. நாலுன்னு சொல்லி மூணைத்தான் போட்டாகளோ? மரத்துப்போக ஊசி போட்டுட்டா உங்களுக்கு என்ன தெரியும்? நான் பக்கத்துல இருந்தேன்னு சொல்றேன், ஆனா பச்சைத் துணிதானே பார்த்தேன்? ஆபீஸ்ல சொன்னேன். பஸ்ல பக்கத்துல உக்காந்தவுககிட்ட சொன்னேன். பல் கட்டப் போறேன்னு யார் சொன்னாலும், "எத்தனை போடுறாகன்னு எண்ணிக்குங்க"ன்னு சொல்ல ஆரம்பிச்சேன்.

இதுக்கு நடுவுல எனக்கே வலது கடைவாய்ப் பல்லு ஒண்ணைப் பிடுங்க வேண்டியதாப் போச்சு. அந்த இடத்துல திருகாணிப் பல்லு வைக்கலாம்னு வேற ஒரு இடத்துல சொன்னாக. அதைச் சாக்கா வச்சுக்கிட்டு டாக்டரம்மாகிட்ட போனேன். உக்காந்த உடனே கேட்டேன்.

"எனக்கு இருக்கட்டும். எங்கப்பாவுக்கு எத்தனை போட்டீக?"

அவுக கையுறையை மெதுவாக் கழட்டி வச்சாக. அதையும் நான் குறிச்சுக்கிட்டேன்.

"நாலு."

"சாம்பல்ல மூணுதான் இருந்துச்சு."

"நீங்க வெளியில பேசுறது எங்காதுக்கும் வந்துச்சும்மா. ஐயா சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டாக. அதனாலதான் இத்தனை நாளும் வாயைத் திறக்கலை. இதுக்கு மேல திறக்காம இருந்தா நான் இங்க உக்கார முடியாது."

கம்ப்யூட்டர்ல ரெண்டு படம் காட்டினாக. முதல் படத்துல உங்க தாடையில நாலு வெள்ளைக் கோடு. ரெண்டாவது படத்துல மூணு. நாலாவது இருந்த இடத்தைச் சுத்தி எலும்பு கரைஞ்சு நிழல் மாதிரி இருந்துச்சு. ஆடிப்போனதால எடுத்துட்டாகளாம். மூணு இருந்தாலே செட் நிக்கும்னு அப்படியே விட்டிருக்காக.

படம் யாருடையதுன்னு யார் கண்டது? அதையும் நெனச்சேன் அப்பா. திருகாணியை எடுக்கச் சம்மதம்னு நீங்க கையெழுத்துப் போட்ட தாளைக் கேட்டேன். எடுத்துக் கொடுத்தாக. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். கடைசி எழுத்துக்குக் கீழ நீங்க இழுக்கிற வளைவு, பேனாவை எடுக்காமலே வைக்கிற புள்ளி. ஆயிரம் பத்திரம் பார்த்த கண்ணு. அது உங்க கையெழுத்துதான்.

தேதியைப் பார்த்தேன். தேவகோட்டைக்குத் துக்கம் கேக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போன நாளு. காரைக்குடிக்கு வந்திருக்கீக. என் ஆபீஸைத் தாண்டித்தான் அந்த மாடிக்கு ஏறியிருக்கணும்.

"சுருட்டை நிறுத்தவே இல்லைன்னு அன்னைக்கு ஒத்துக்கிட்டாக"ன்னு டாக்டரம்மா சொன்னாக. "வயல் மோட்டார் ரூமுக்குப் போய்க் குடிக்கிறதாம். அங்க ஒரு துண்டு, வீட்டுக்கு ஒரு துண்டாம். 'எம்மக மோந்து பார்ப்பா, அவளுக்குத் தெரிஞ்சா செத்துப்போவா, சொல்லிராதீக'ன்னு கையெடுத்துக் கும்பிட்டாக."

நான் எந்திரிச்சு வந்துட்டேன். பழைய பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன். நீங்க போனதுக்கப்புறம் அன்னைக்குத்தான் அழுதேன். துக்கமா, கோவமான்னு பிரிச்சுச் சொல்லத் தெரியலை.

அப்பா, நீங்க மறைச்சது சுருட்டுக்காகவா, எனக்காகவா? அறுபது வருசம் வயல்ல நிமிர்ந்து நின்ன மனுசன், ஒரு துண்டுக்கு இன்னொரு துண்டு மாத்தி வைக்கிற அளவுக்கு நான் உங்களை விரட்டினேனா? ஆடுற திருகாணியோட எத்தனை நாளு வலிச்சுச்சு? வலிக்கிறப்ப யார்கிட்ட சொன்னீக?

இப்ப உங்களைப் பத்தியே சந்தேகம் வருது. போன வருசம் மதுரைக்குப் போறேன்னு ரெண்டு தடவை போனீக. அதுவும் மதுரைதானா? நெஞ்சுல வாய்வுப் பிடிப்புன்னு சொன்னது வாய்வுப் பிடிப்புதானா? எந்தத் தாளை எடுத்து எந்த ஜன்னல்ல வச்சுப் பார்க்க?

ஒரு வாரம் கழிச்சு டாக்டரம்மாகிட்டயே திரும்பப் போனேன். பேசினதுக்கு மன்னிப்புக் கேட்டேன். "உங்க பல்லைப் பார்ப்போமா?"ன்னு மட்டும் கேட்டாக. போன மாசம் எனக்கும் ஒண்ணு இறக்கியாச்சு. எலும்பு பிடிக்க மூணு மாசம் ஆகும்னு சொல்லியிருக்காக. போட்டு முடிச்ச உடனே, நான் கேக்காமலே திரையை எம் பக்கம் திருப்பி எக்ஸ்ரேயைக் காட்டினாக. வெக்கமா இருந்துச்சு. இருந்தாலும் எண்ணினேன். ஒண்ணு.

காளிமுத்துகிட்ட போறதுதான் முடியலை. முருகேசனை அனுப்பி, தப்பா நெனச்சுட்டோம்னு சொல்லச் சொன்னேன். அவர் கேட்டுக்கிட்டு, "உங்க அக்கா நேர்ல வந்து கேட்டாக. நேர்லயே வந்து சொல்லட்டும்"னாராம். கோவமாக்கூடச் சொல்லலையாம்.

ரெண்டு வாரமா தள்ளிப்போட்டுக்கிட்டு இருக்கேன். என்ன சொல்றதுன்னு யோசிச்சேன். எண்ணிக்கையில தப்பாயிருச்சுன்னு சொல்லலாம். டாக்டர் சரியாச் சொல்லலைன்னு சொல்லலாம். அப்படிச் சொன்னா உங்க பேரு ஊருக்குள்ள அப்படியே இருக்கும். ஆனா அவரு பேரு?

வர்ற ஞாயித்துக்கிழமை காலையில போறேன் அப்பா. அவர் பொண்டாட்டியும் வீட்டுல இருக்கிற நேரமாப் பார்த்துப் போறேன். அவுக முன்னாலதான் கேட்டேன், அவுக முன்னாலதான் சொல்லணும். "எங்கப்பா எங்கிட்ட மறைச்சதை, நீங்க எடுத்ததாச் சொல்லிட்டேன்." இதைத்தான் சொல்லப் போறேன், ஒரு வார்த்தை குறைக்காம. உங்களைக் காட்டிக்கொடுத்துத்தான் சொல்லணும். கோவிச்சுக்காதீக.

உங்களுக்குப் பயந்து பொய் சொல்லத் தெரியாம வளர்ந்த, உங்களைப் பொய் சொல்ல வச்ச,
உங்க மூத்த மக
தமிழரசி