மற்றும் உற்றார் உறவினர்

ஆகஸ்ட் 18, திங்கள்

மேல்காற்று. ஆபீசுக்குப் பின்னால் மில், மேஜை முழுக்கப் பஞ்சுத் தூசி. கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினேன். ஒரு தலையணைக்குத் தேறும்.

அண்ணாச்சியிடம் லூப் போட மறுபடி அனுமதி கேட்டேன். நான்காவது முறை.

எங்கள் தொழில் மெயிலில் போகும் அழைப்பிதழ். கல்யாணம், காதுகுத்து, பால்காய்ப்பு. வாட்சப்பில் வந்தால் மதிப்பில்லை, மெயிலில் வந்தால் கலெக்டரே கூப்பிட்ட மாதிரி இருக்கும் என்பது முதலாளி அண்ணாச்சியின் கண்டுபிடிப்பு. அழைப்போர் பெயர் வரும் அடித் துண்டை ஒருமுறை செய்து, பதினொரு அழைப்பிதழ் டெம்ப்ளேட்டிலும் அதையே செருகியிருக்கிறோம். அதில் பெயருக்கு ஆறு வரி. ஒரே வரியை ஆறு தடவை காப்பி அடித்தது. ஏழாவது பெயருக்கு இடமில்லை. கீழே நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும் "மற்றும் உற்றார் உறவினர்" அவரை விழுங்கிவிடும்.

லூப் ஒன்றும் பெரிய வித்தை இல்லை; எத்தனை பெயரோ அத்தனை தடவை ஒரே வரியை ஓடவைப்பது. பந்தியில் சாம்பார் ஊற்றுகிறவன் எத்தனை இலை விரித்திருக்கிறதோ அத்தனைக்கும் ஊற்றிக்கொண்டே போவான். நாங்கள் இலைக்கு ஒரு ஆளாக ஆறு பேரை வாளியோடு நிறுத்தியிருக்கிறோம்.

அண்ணாச்சி: "ஏலே முருகேசா, ஆறு பேரு கூப்புட்டு வராதவன் ஏழாவது ஆளு கூப்புட்டா வரப்போறான்? அழகு கெட்ரும்லே."

இதுவரை யாரும் குறை சொன்னதில்லையாம். விழுங்கப்பட்டவர் எங்களுக்கா போன் செய்வார்? கல்யாணத்துக்குப் போகாமல் இருப்பார். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கடைவாய்ப் பல் தெறிக்கிறது. கிராம்பு.

அக்கா மகள் கார்த்திகாவின் கல்யாண அழைப்பிதழ் நம் ஆபீசுக்கே வந்திருக்கிறது. பட்டியலைத் தனம் வாங்கி அடிக்கிறாள். பக்கத்து மேஜை. சொந்த வீட்டு விஷயம், எட்டிப் பார்ப்பது நாகரிகமில்லை என்று இருந்துவிட்டேன். என் நாகரிகத்தைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று நாளையோ மறுநாளோ எழுத நேரலாம்.

நாளை லீவு. பல்.

ஆகஸ்ட் 20, புதன்

எழுத நேர்ந்துவிட்டது.

காலை பத்துக்குப் பல் பிடுங்கல். பஞ்சைக் கடித்தபடி ஒரு மணி நேரம் வாய் திறக்கக் கூடாது. பத்தரைக்கு மெயில் வந்தது. "கார்த்திகா திருமணம்". மூன்று முறை படித்தேன். ஆறு பெயர். ஆறும் அத்தான் வகையறா. பெரியப்பா, இரண்டு அண்ணன், தம்பி, மாமா ஒருவர், கோவில்பட்டிச் சித்தப்பா. தாய்மாமன் நான் இல்லை. நான் இப்போது "மற்றும்".

பத்து நாற்பதுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அக்கா போன்.

"ஏலே, ஒம் பேர நீயே எடுத்துட்டியாக்கும்?"

பஞ்சு.

"நிச்சயத்தன்னைக்கு, படிப்பு முடியட்டும் ஏன் அவசரப்படுதீகன்னு கேட்டல்லா, அந்தக் கோவமா? எடுத்தியா இல்லையா, வாயத் தொறந்து சொல்லு."

ம்ஹும் என்றேன். பஞ்சு வழியாகப் போன ம்ஹும், அங்கே ம்ம் என்று இறங்கியது.

"சரி. நல்லா இரு. மாமன் மாலைய அவிய தம்பி போடுவாரு."

பிறகு பதினான்கு வரியில் வாட்சப் எழுதினேன். ஆறு வரி, ஏழாவது பெயர், லூப், எல்லாம். நீல டிக் மட்டும் விழுந்தது. என் மடியில் வைத்துத்தான் கார்த்திகாவுக்குக் காது குத்தினார்கள். அவள் கடித்த தழும்பு முன்கையில் இருக்கிறது. அந்த மாலையை இன்னொருவன் போடுவானாம். ஏன்? ஒரு முதலாளிக்கு அழகு கெட்டுவிடுமாம்.

தாடை வீக்கம். கஞ்சி.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஆபீசில் தனத்தின் தாளை வாங்கினேன். ஒன்பது பெயர். அக்கா சொன்ன வரிசையில் நான் இரண்டாவது. அதை அடித்து, நீளமாக ஒரு அம்புக்குறி ஏழுக்கு இறங்குகிறது. ஓரத்தில்: "பொண்ணு அப்பா போன் பண்ணி மாத்தச் சொன்னார்."

"ஏழாவது வராதுன்னு உனக்குத் தெரியாதா தனம்?"

"தெரியும்ண்ணே. நீங்க மேல தூக்கிக்கிடுவீகன்னு நெனச்சேன். நீங்க பல்லு புடுங்கப் போயிட்டீக."

ராஜபாளையத்தில் பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர். பழம் வாங்கவில்லை. கோபத்தோடு போகிறவன் பழத்தோடு போனால் கோபத்துக்கு மரியாதை இல்லை. பக்கத்து சீட்டில் ஒரு அம்மாள் போனில், "ஏட்டி, சீரு கெடக்கட்டும், மொதல்ல மாமன் வந்தானா?" என்னைத்தான் கேட்கிறாள் என்று தோன்றியது.

அத்தான் ஈசிசேரில். எழுந்திருக்கவில்லை.

"நீதானப்பா அந்தக் கம்ப்யூட்டர்ல இருக்க. ஒனக்குத் தெரியாம ஒம் பேரு எப்படிப் போவும்?"

பந்தி, இலை, சாம்பார் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ நீ ஏழாவது எலை."

"ஆமா. ரெண்டாவது எலையில இருந்தவன எழுப்பி அங்க உக்கார வச்சது யாரு?"

தாளை விரித்தேன். அக்கா அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்து பார்த்தாள். அம்புக்குறியை விரலால் மேலிருந்து கீழ்வரை தடவினாள்.

"எந் தம்பி ஏழாவதா?"

அத்தான்: "எங்க பெரியப்பாவும் அண்ணன்மாரும் கோவிச்சுக்கிடுவாக. முருகேசன் நம்மாளு, ஒண்ணும் நெனைக்க மாட்டான்னு செத்த கீழ எறக்கச் சொன்னேன். பேரே வராதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நம்மாள். உற்றாரைவிட மோசமான பதவி.

அக்கா கரண்டியோடு அடுக்களைக்குத் திரும்பினாள். எனக்கு மட்டும் சாப்பாடு வைத்தாள். மெல்ல முடியவில்லை என்றேன். குழையப் பிசைந்து ரசம் ஊற்றினாள். மாலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

திரும்பும் பஸ்ஸில் யோசித்தேன். லூப் இருந்திருந்தால் ஒன்பது பெயரும் வந்திருக்கும். நான் ஏழில் நின்று ஊருக்கெல்லாம் கும்பிடு போட்டிருப்பேன். அம்புக்குறி யாருக்கும் தெரிந்திருக்காது. இதனால் அண்ணாச்சிக்கு நன்றி சொல்ல வேண்டி வருமோ என்று நினைத்ததும் கோபம் இரட்டிப்பு.

ஆகஸ்ட் 22, வெள்ளி

அண்ணாச்சி சேத்தூரில் ஒரு வீட்டு ஆர்டர் பிடிக்கப் போயிருந்தார். யாரையும் கேட்கவில்லை. ஆறு வரியையும் அழித்தேன். ஒரு வரி, ஒரு லூப். பத்து நிமிடம். ஒரு இடத்தில் மாற்றினால் பதினொரு டெம்ப்ளேட்டிலும் மாறும். அதற்குத்தானே இந்தத் துண்டு ஏற்பாடே.

என் பெயரை இரண்டுக்கு ஏற்றியிருக்கலாம். ஏற்றவில்லை. ஏழிலேயே நிற்கட்டும். அத்தான் தினமும் பார்க்கட்டும்.

என் பெயரை மட்டும் போட்டுச் சோதித்தேன். சரி. எல்லோருக்கும் திருத்திய மெயில் அனுப்பினேன்.

மத்தியானம் அக்கா. நேற்றிலிருந்து முதல் பேச்சு.

"ஒம் பேரு இருக்குலே. பாத்தேன்."

"ம்." பஞ்சு இல்லாமலே.

"ஒவ்வொரு பேருக்குக் கீழயும் 'மற்றும் உற்றார் உறவினர்' நிக்கி. ஒம்பது கூட்டத்துக்கு எம்புட்டு அரிசி போட?"

கோபத்தில் அந்த வரியையும் லூப்புக்குள்ளேயே விட்டிருக்கிறேன். ஒரு பெயரை வைத்துச் சோதித்தால் ஒருமுறைதானே வரும். ஆறு வரி எழுதியவனை இத்தனை நாள் முட்டாள் என்றேன். பக்கத்தில் எனக்கும் ஒரு நாற்காலி.

அக்கா சிரிப்பது போனில் கேட்டது. சட்டென்று நிறுத்திக்கொண்டு, "மாலைக்கு நீயே சொல்லிரு. இங்கதான் கட்டணும். ராசபாளையத்துல வேணாம். அவிய தம்பிகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

மூன்றாவது மெயில் அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம்லே. இப்பந்தான் எல்லாரும் படிக்காக."

வரியை லூப்புக்கு வெளியே நகர்த்தினேன். ஒன்பது பெயர் வைத்துச் சோதித்தேன்.

ஆகஸ்ட் 23, சனி

தூறல். ஆறு வயது மிக்ஸி நின்றுவிட்டது. கார்த்திகாவிடமிருந்து மெசேஜ்: "மாமா, சம்பங்கி வேண்டாம், ரோஜா."

அண்ணாச்சிக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. கூப்பிட்டு உட்காரவைத்தார். முகத்தில் பெருந்தன்மை.

"யோசிச்சுப் பாத்தேன்லே. நீ சொல்லுதது நியாயந்தான். லூப்ப எடுத்துரு, ஆற ஏழாக்கிரு. தாய்மாமனுக்குன்னே ஒரு வரி. அதுக்கு மேல யாரும் கேக்க மாட்டான்."

சரி அண்ணாச்சி என்றேன்.

சேத்தூர்ப் பட்டியல் தனத்தின் மேஜையில் இருந்தது. இந்த முறை எட்டிப் பார்த்தேன். பதினோரு பெயர். தாய்மாமன்மார் ஐந்து பேர், கடைசியில் வரிசையாக.

லூப்பை எடுக்கவில்லை. கேட்டால் ஏழு என்பேன். அவரா எண்ணப்போகிறார்.