பிலோ அக்கா நாற்காலியிலிருந்து

என் அருமை பிலோமினா அக்காவுக்கு,

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உங்களை அடக்கம் பண்ணிவிட்டு வந்த மறுநாளே, அழுது நனைந்த கைக்குட்டை காயும் முன்னால், மிஸ்ஸியிடம் போய் உங்கள் நாற்காலியைக் கேட்டுவிட்டேன். அந்த நர்ஸ் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அக்கா ஞாபகமா இருக்கும்" என்று இழுத்தேன். பொய். அந்த அறையில் ஏர்கோன் காற்று அடிக்காத ஒரே இடம் அதுதான் என்பது நம் இருவருக்கும் தெரியுமே. எட்டு வருஷம் நான் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருக்க, நீங்க பக்கத்தில் சுகமாகச் சாய்ந்து ஒற்றைக் கையால் ஜெபமாலை உருட்டினீங்க. கோபம் இல்லையே?

ஒன்பது மாதம் ஆகிவிட்டது. இங்கே எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. செவ்வாய், வியாழன், சனி. காலையில் பாக் மாட் வேனை ஃபிளாட் கீழே நிறுத்தி ஹார்ன் அடிப்பார். நான் இறங்கி வந்தால் "தங்காச்சி, குண்டாயிட்டே" என்பார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். அப்புறம் எடை பார்த்து, அதைப் பலகையில் எழுதி, கையில் இரண்டு ஊசி குத்தி, கிட்னி செய்யாத வேலையை மிஷின் செய்து முடிக்கும்வரை நாலு மணி நேரம் கட்டிப்போடுவார்கள்.

நீங்க போட்ட சட்டமும் மாறவில்லை. போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் நடுவில் யார் உடம்பில் தண்ணீர் குறைவாக ஏறியிருக்கிறதோ, அவர் கையில்தான் டிவி ரிமோட். நீங்க போனதிலிருந்து அது சீன ஆன்ட்டி கையை விட்டு நகரவே இல்லை. அந்த அம்மா தண்ணீர் குடிக்கிறாரா, இல்லை தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறாரா, தெரியவில்லை. தினமும் கொரியா நாடகம். யார் எதற்கு அழுகிறார்கள் என்று புரியாமலே நானும் கூடச் சேர்ந்து அழுகிறேன்.

நான் புதிதாக வந்தபோது எப்படி இருந்தேன் என்று ஞாபகம் இருக்கிறதா அக்கா? பைராம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு நின்றவள். பிறை ஊரில் பெக்டரி வேலை, இருபத்திரண்டு வருஷம். ஒருநாள் காலும் முகமும் வீங்கி வேலையிடத்திலேயே உட்கார்ந்தவள்தான், திரும்ப எழுந்து போகவில்லை. ஏழு வருஷம் தண்ணிமலைக் கோயிலுக்குப் பால்குடம் எடுத்தேனே, முருகன் எனக்குக் கொடுத்த கூலி இதுதானா என்று உங்களிடம் புலம்பினேன். நீங்க ஜெபமாலையை நிறுத்தாமலே சொன்னீங்க:

"நான் ஒரு தடவகூட பால்குடம் எடுத்ததில்லடி. எனக்கும்தான் குடுத்திருக்காரு. அப்ப இது கூலி இல்ல. வேற என்னமோ."

வேற என்னமோ. அந்த என்னமோ என்ன என்று எட்டு வருஷம் உங்களை நச்சரித்தேன். எனக்கும் தெரியாது, கேட்டுக்கிட்டே இரு என்பீங்க. உங்கள் கடைசி மாதத்தில் புதிதாக வந்த ஒரு மலாய்ப் பெண் ஊசியைப் பார்த்து அழுதாள். என் மாமியார் நாக்கை நீ பார்த்ததில்லை, அதுக்கு முன்னால் இது ஊசியே இல்லை என்று மலாயில் சொன்னேன். கண்ணீரோடு சிரித்துவிட்டாள். நீங்க என் பக்கம் திரும்பி, ஆண்டவர் உன்னை எதற்கு இங்கே உட்கார வைத்திருக்கிறார் என்று இப்போது தெரிகிறதா என்று கேட்டீங்க. இதற்குச் சம்பளம் உண்டா என்று நான் கேட்டேன். சிரித்தீங்க. அப்புறம் போய்விட்டீங்க.

நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். சாமியே கொடுத்த வேலை, யார் தடுப்பது? உள்ளே வருகிற ஒருத்தரையும் விடவில்லை. மிஸ்ஸி, டாக்டர், தரை துடைக்கும் பங்களாதேஷ்காரர், எல்லாருக்கும் ஒரு பட்டப்பெயர். அங்கேதான் தப்பு நடந்தது அக்கா. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைக்கிறேன்.

ஏர்கோனுக்கு நேர் கீழே இருக்கிற என் பழைய நாற்காலிக்கு சுப்ரா அண்ணன் என்று ஒருத்தர் வந்தார். அறுபது வயசு, முப்பது வருஷம் பிறையில் லோரி ஓட்டியவர். மனைவி இறந்துவிட்டார், ஜெலுத்தோங்கில் மகள் வீட்டில் இருக்கிறார். அதிகம் பேசமாட்டார். ஒரு சனிக்கிழமை எடை பார்த்தபோது, இரண்டே நாளில் நாலரை கிலோ தண்ணீர் ஏறியிருந்தது. பேரப்பிள்ளைக்குக் காது குத்து, வெயில், வந்தவர்கள் நீட்டின சர்பத்தையெல்லாம் வாங்கிக் குடித்திருக்கிறார். பலகையில் எழுதினதைப் பார்த்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"எல்லாரும் ஒதுங்குங்க லா, தண்ணி லோரி வருது" என்றேன்.

அறையே சிரித்தது. போதாதென்று ஆன்ட்டிக்கும் புரியவேண்டுமே என்று மலாயில் இன்னொரு தடவை சொன்னேன். சுப்ரா அண்ணனும் சிரித்தார். சிரித்தார் என்றுதான் நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. வியாழனும் வரவில்லை. மிஸ்ஸி போன் அடித்ததற்கு அவர் மகள் அழுதிருக்கிறாள். அப்பா போதும் என்கிறார், இனி மிஷினுக்கு வரமாட்டேன், கடவுள் கூப்பிடுகிற நேரத்துக்குப் போய்க்கொள்கிறேன் என்கிறார் என்று சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு எல்லார் முன்னாலும் சிரிப்பாகிப்போனது அவருக்கு ரொம்ப வலித்துவிட்டதாம். இதையும் மிஸ்ஸி என் காதில் மெதுவாகச் சொன்னாள்.

இரண்டு தடவை தவறினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? சனிக்கிழமையும் வராவிட்டால் தண்ணீர் நெஞ்சுக்கு ஏறிவிடும். ஒரு மனுஷனை நான் வாயாலேயே கொன்றுவிட்டேனா? இதற்காகவா என்னை உட்கார வைத்தார் உங்கள் ஆண்டவர்?

சனிக்கிழமை காலையில் பாக் மாட்டிடம் கெஞ்சி, வேனை முதலில் ஜெலுத்தோங்குக்கு விடச் சொன்னேன். போகிற வழியெல்லாம் நீங்க சொல்கிற வார்த்தைகளை மனப்பாடம் பண்ணினேன். ஆண்டவரின் திட்டம், அவர் சித்தம், எல்லாம் வரிசையாக. சுப்ரா அண்ணன் வீடு ஒரு சந்தின் கடைசியில். வேன் உள்ளே போகாது, பெரிய ரோட்டிலேயே நிற்கிறேன் என்றார் பாக் மாட். நான்தான் "போலே, போலே", முடியும் முடியும் என்று உள்ளே விடவைத்தேன்.

அண்ணன் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். கால் இரண்டும் திண்டு மாதிரி. மூச்சு பாதியிலேயே நின்று நின்று வந்தது. "அண்ணே, ஆண்டவன் ஒவ்வொருத்தருக்கும் ஒரு..." என்று ஆரம்பித்தேன்.

"ஒரு என்ன? சொல்லு" என்றார். "லோரி இல்ல, பொண்டாட்டி இல்ல, மூத்திரம்கூட இல்ல. என்னய வெச்சு அவனுக்கு என்ன வேல ஆகணும்?"

மனப்பாடம் பண்ணினது அத்தனையும் மறந்துவிட்டது. பள்ளிக்கூடத்திலும் எனக்கு இப்படித்தான் ஆகும்.

"தெரியலண்ணே" என்றேன். "எனக்கு என்ன வேலைன்னே எனக்குத் தெரியல. இருந்த ஒண்ணையும் ஒங்கள வெச்சுக் கெடுத்துக்கிட்டேன். அன்னைக்கு நான் அப்படிச் சொல்லிருக்கக் கூடாது."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இதற்குமேல் என்ன செய்வது? மகள் அவர் முதுகுக்குத் தலையணையைச் சரிசெய்தாள்.

அப்போது வெளியே ஒரு பூந்தொட்டி உடைகிற சத்தம். பாக் மாட் வேனைப் பின்னால் எடுக்கிறார். எட்டிப் பார்த்தால், ஒரு பின் டயர் ஓரத்து லோங்காங்கின் மேல் தொங்குகிறது, இன்னும் ஒரு சாண் போனால் வேன் சாக்கடைக்குள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் வந்து ஆளுக்கொரு பக்கம் கை காட்டினார்கள். நானும் வாசலில் நின்று கத்தினேன். இடது எது வலது எது என்று எனக்கு எப்போதுமே கொஞ்சம் குழப்பம்.

உள்ளேயிருந்து சுப்ரா அண்ணன், ஸ்டேரிங்கை அந்தப் பக்கம் ஒடிக்கக் கூடாது என்று சொல்வது கேட்டது. அப்புறம், யார் அந்த மடையன் என்று கேட்டது. அப்புறம் கட்டில் கிறீச்சிட்டது. கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே வந்தார் அக்கா. எல்லாரையும் வாயை மூடச் சொன்னார். வேனின் பக்கத்தில் ஒரு தட்டு தட்டி, முதலில் கொஞ்சம் முன்னால் நகர்த்த வைத்து, அப்புறம் "கோஸ்தான், கோஸ்தான், பின்னால எடு, மெதுவா, ஸ்டாப்" என்றார். ஒரு கோடு விழாமல் வேன் வெளியே வந்துவிட்டது. முப்பது வருஷம் லோரி ஓட்டினவர், ஒரு வண்டி அப்படி மாட்டிக்கொண்டு கிடப்பதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்க அவரால் முடியவில்லை.

அதோடு மூச்சும் தீர்ந்துவிட்டது. உதடு நீலமாகி வேன் படியிலேயே உட்கார்ந்தார். மகள் அவர் காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்ல மூச்சும் இல்லை.

மிஷின் அறைக்குப் போய் எடை பார்த்தபோது ஒருத்தரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மிஸ்ஸி பலகையில் எழுதவில்லை. ஆன்ட்டி டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார். டாக்டர் வந்து மூக்கில் காற்றுக் குழாய் வைத்தார். நான் முதல் தடவையாக இரண்டு மணி நேரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். நீங்க நம்பமாட்டீங்க. மிஷின் தண்ணீரை இறக்க இறக்க அவர் மூச்சு சீராகி, கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"என்ன, ஊமையாயிட்டியா?"

"வேணாம்ண்ணே. பட்டது போதும்."

"நான் ஓட்டுனது பத்து டயர்" என்றார். "சும்மா தண்ணி லோரின்னு சொல்லிட்ட. பத்து டயர்னு சொல்லிருக்கணும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை அக்கா. அழுகை வந்துவிட்டது. ஊசி குத்தின கையையே தூக்கி முகத்தைத் துடைக்கப் போனேன். மிஷின் கத்த ஆரம்பித்தது. மிஸ்ஸி ஓடிவந்து என்னைத்தான் திட்டினாள்.

இப்போது ஐந்து மாதம். ஒரு நாள் தவறாமல் வருகிறார். வேனில் முன் சீட் அவருக்கு. ஒவ்வொரு சந்திலும் பாக் மாட்டுக்குப் பாடம் நடக்கிறது. புதிதாக வருகிறவர்கள் பயந்தால் இப்போதெல்லாம் அவரே பேசுகிறார், அதுவும் டயர், பிரேக் என்று, கேட்கிறவர்களுக்குப் பாதி புரியாது. ஆனாலும் பயம் போய்விடுகிறது.

நீங்க சொன்ன அந்த வேலை கேலி பண்ணுவது மட்டும் இல்லை போலிருக்கிறது. அன்றைக்கு நான் சொன்ன ஒரு வார்த்தையும் உதவவில்லை. என் பிடிவாதத்தால் வேன் மாட்டிக்கொண்டதுதான் உதவியது. நான் செய்கிற சரியை மட்டுமில்லை, தப்பையும் எடுத்து உங்கள் ஆண்டவர் வேலை வாங்கிக்கொள்கிறார் என்றால், நான் எதற்கு ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்? முன்பெல்லாம் இந்த நாற்காலியிலிருந்து என்னை எழுப்பிவிடு என்று முருகனிடம் கேட்பேன். இப்போது ஊசி குத்தும்போது, சரி, இன்றைக்கு யார் என்று மட்டும் கேட்கிறேன். ஏர்கோன் இடத்தை ஏன் அந்த மனுஷனுக்குக் கொடுத்தோம் என்று வெட்கமாகவும் இருக்கிறது. மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தேன். லோரியில் வெந்தவனுக்கு இந்தக் குளிர்தான் சொர்க்கம் என்று மறுத்துவிட்டார்.

ஒரு சத்தியம் செய்கிறேன் அக்கா. இனி யாரைக் கேலி பண்ணினாலும், அவர்கள் கண்ணும் சேர்ந்து சிரிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே பேசுவேன். சிரிக்காவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்வேன்.

இதையெல்லாம் நேரிலேயே சொல்லத்தான் கல்லறைத் திருநாளன்று சுப்ரா அண்ணனும் நானும் வந்தோம். அடக்கத்தன்று ஒரே மழை, ஒரே குடை, இடம் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. உங்கள் மகன் சொன்னபடி மூன்றாவது வரிசை, வெள்ளைக் கல். கல்லில் எழுதியிருந்தது இங்கிலீஷ், எங்கள் இருவருக்கும் படிக்க வராது. மெழுகுவர்த்தி ஏற்றி, மல்லிகைச் சரம் வைத்து, முழுக் கதையையும் சொன்னேன். நாற்காலி விஷயத்தில் அழுதேன். அண்ணனும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திரும்பினால் பின்னால் ஒரு சீனக் குடும்பம், ஆறு பேர், பூவோடு மரியாதையாகக் காத்துக்கொண்டு நிற்கிறார்கள். அது அவர்களுடைய தாத்தா. எங்களுக்கு அவர் எப்படிப் பழக்கம் என்று கேட்டார்கள். ஒன்றாக வேலை செய்தோம் என்று சுப்ரா அண்ணன் சொல்லிவிட்டார். ஆளுக்கு இரண்டு ஆரஞ்சு கொடுத்தார்கள். நம்மைப் போன்ற கிட்னிக்காரர்களுக்கு ஆரஞ்சு ஆகாது. வாங்கிக்கொண்டோம்.

பக்கத்து நாற்காலித் தங்கச்சி,
தவமணி