சம்பந்தி வீட்டு டிராக்டர்

முருகன் துணை.

சாம்பிராணிப் புகை பட்டாலே தும்முகிற என் அண்ணனுக்கு,

அங்கேயும் புகை போடுகிறார்களா அண்ணே? இங்கே ஜங்லிகாட் வீட்டில் உன் படத்துக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் போடுகிறேன். "படத்துலயாவது மனுசன நிம்மதியா இருக்க விடு செல்வி" என்று அண்ணிக்குச் சிரிப்பு. அண்ணி சுகம்தான். முட்டி வலி மட்டும் விட்டபாடில்லை.

உன் மினி லாரியும் அதில் மாட்டுகிற டிரெய்லரும் இப்போது உன் மகன் குமார் கையில். போன புதன்கிழமை நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது.

என் மகள் கோமதியின் மாமனார், அதுதான் நம்ம பெருமாள் சம்பந்தி, பழைய டிராக்டர் ஒன்று வாங்கினார். ஃபெரார்கஞ்சில் நின்றது. கிளட்ச் போய்விட்டதால் ஓட்டி வர முடியாது. மலை இறக்கம் தாண்டி பாம்பூஃப்ளாட் வீட்டுக்கு டிரெய்லரில்தான் வர வேண்டும். ஒன்பது மணிக்குள் வாசலில் நிற்கணும் என்று பஞ்சாங்கம் பார்த்துக் குறித்துக் கொடுத்தது சாட்சாத் நானேதான். தட்டும் சாம்பிராணியுமாக நானும் கூடவே போனேன்.

குமார் டிராக்டரைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஏற்றுகிற வழியாய்க் காணோம்.

"என்ன தம்பி, பொண்ணு பாக்க வந்தியா? ஏத்து!" என்றார் சம்பந்தி.

"மூணு டன்னுன்னு போட்டிருக்கிறது டிரெய்லரோட சொந்த எடையும் சேத்துதான் மாமா. அது போக ரெண்டேகால்தான் மிச்சம்."

"டிராக்டர் ரெண்டு டன்தானே? தாங்கும், சலேகா, சலேகா!"

"பின்னாடி மண்ணக் கெளர்ற ரொட்டவேட்டர் தொங்குதே, அதோட எடை?"

அதோடு நிற்கவில்லை. குனிந்து பின் டயர் வால்வை ஒரு குச்சியால் அழுத்தினான். காற்று வரவில்லை அண்ணே, தண்ணீர் பீச்சியடித்தது! சம்பந்தியின் வெள்ளை வேட்டி முழங்கால் வரை நனைந்துவிட்டது. எனக்கு வந்த சிரிப்பை முந்தானையால் அடக்கினேன்.

"சேத்துல வழுக்காம இழுக்கட்டும்னு ரெண்டு டயர்லயும் தண்ணி நிரப்பியிருக்காங்க. எடை எங்கயோ போயிரும். தண்ணிய எறக்கிட்டு, ரொட்டவேட்டர கழட்டி அடுத்த நடையில கொண்டாறேன். மத்தியானம் ஆயிரும் மாமா."

"அரே, சம்பந்தியம்மா குறிச்ச நேரம் என்னாவுறது? உங்கப்பன்னா இந்நேரம் வீட்டுல எறக்கிட்டு டீ குடிச்சிருப்பான்!"

உன் பெயரைச் சொன்னதும் பிள்ளையின் முகம் சுருங்கிப்போனது. கை மெல்ல, டிராக்டரை இழுத்து ஏற்றுகிற சங்கிலியை நோக்கிப் போனது. ஏற்றிவிடத்தான் போகிறான் என்று எனக்குத் தெரிந்துபோனது. பாரம் கூடினால் அந்த இறக்கத்தில் டிரெய்லர் லாரியைத் தள்ளிக்கொண்டு போய்விடாதா?

அந்த இறக்கத்தில் பாரம் ஏற்றி வந்த நாளெல்லாம் நீ யாரிடமும் பேசாமல் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்து முடிப்பாயே, அது ஞாபகம் வந்தது. எத்தனை முறை பயந்திருப்பாய்? ஒரு தடவையாவது எங்களிடம் சொன்னாயா?

"நேரம் குறிச்சது நான்தான் சம்பந்தி, மாத்துறதும் நானே" என்றேன். "முருகன் மத்தியானமும் வாசல்லதான் நிப்பான், எங்கயும் போயிற மாட்டான். எங்கண்ணன் புள்ள போனா எந்தப் பஞ்சாங்கத்துல தேடுவேன்? டேய் குமாரு, தண்ணிய எறக்குடா."

சம்பந்தி நனைந்த வேட்டியைப் பிழிந்துகொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தார். டயர்த் தண்ணீர் வடிந்து முடிவதற்குள் நான் கந்த சஷ்டிக் கவசத்தை இரண்டு முறை சொல்லி முடித்துவிட்டேன். ரொட்டவேட்டரையும் கழற்றி வைத்த பிறகுதான் டிராக்டரை இழுத்து ஏற்றினான். பாரம் அச்சுக்கு மேலே சரியாக உட்காரும்வரை முன்னும் பின்னும் நகர்த்தி, நாலு மூலையிலும் சங்கிலி போட்டு இறுக்கினான். லாரியில் அவன் பக்கத்தில் நான்தான் உட்கார்ந்தேன். இறக்கத்தில் டிரெய்லர் கோயில் மாடு மாதிரி சாதுவாகப் பின்னால் வந்தது.

வீட்டு வாசலில் நின்றபோது நல்ல ராகு காலம்! நான் திருதிருவென்று விழித்தேன். சம்பந்தியே தேங்காயை எடுத்து என் கையில் கொடுத்தார். "ஒடைங்க சம்பந்தியம்மா. உங்க அண்ணன் மவன் முழுசா வந்திருக்கான்ல, அப்புறம் என்ன?"

உடைத்தேன். புகை போட்டேன். குமார் வரிசையாகத் தும்மினான். அச்சு அசல் உன் தும்மல் அண்ணே. அதைக் கேட்டதும் அண்ணிக்குப் போன் போட்டு அழுதேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி உன் மகன் வண்டிக்கு நேரம் குறிக்கச் சொன்னால், பாரம் எவ்வளவு என்று முதலில் அவனைக் கேட்பேன். அப்புறம்தான் பஞ்சாங்கத்தைப் புரட்டுவேன். நீ கவலைப்படாமல் இரு.

இந்த வெள்ளிக்கிழமையும் உன்னைத் தும்ம வைக்கப்போகிற
உன் தங்கச்சி,
செல்வி