முன்னால் உட்கார்ந்தவள்

என் கோபக்காரிக்கு,

நேரில் சொல்ல வாய் வரவில்லை.

"தோள் இவ்வளவு தேயற அளவுக்கு என்ன செஞ்சீங்க?" என்று டாக்டர் கேட்டார். "ஞாயித்துக்கிழமை இவரோட படகுல துடுப்பு போடுவேன், ஆளுக்குப் பாதிதான்" என்றாய். நான் சுவர்க் காலண்டரைப் பார்த்தேன்.

முப்பது வருஷமாகப் படகில் நீ முன்னால், நான் பின்னால். நீ திரும்பிப் பார்த்ததே இல்லை. உன் துடுப்புச் சத்தம் கேட்டதும் நான் என் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு கொக்கு பார்ப்பேன். முக்கால்வாசி நாள் அப்படித்தான். "இன்னைக்கு எதிர்க்காத்து" என்று நீ மூச்சு வாங்குவாய். "ஆமா, எனக்குத் தோளே கழண்டுபோச்சு" என்பேன்.

தோள் ஆறியதும் நீ பின்னால் சும்மா உட்கார். என் கை நின்றால் முதுகில் ஒன்று போடு.

இத்தனை வருஷமும் படகிலிருந்து வீட்டுக்கு வந்ததும் நீ தைலம் எடுத்துவந்து என் தோளைத்தானே தேய்த்துவிடுவாய்? நானும் வலிக்கிற மாதிரி முனகியிருக்கிறேன்.

உன் பின்சீட்டுக்காரன்