உனக்குப் புரியாத இங்கிலீஷ்

நேற்று கோரிப்பாளையத்தில் பேத்திக்கு ஒரு போர்டு மார்க்கர் வாங்கினேன். காய்ந்துபோனதைக் கடைக்காரர் என் தலையில் கட்டப் பார்க்கிறாரோ என்று தோன்றியது. மூடியைத் திறந்து முகர்ந்தேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போகட்டும். அந்த நெடி ஏறியதும் நீ வந்துவிட்டாய். செல்போன் கடை மாடி, பெண்களுக்கான ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு, பிளாஸ்டிக் நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த நீ.

நான் எதற்கு அங்கே சேர்ந்தேன் என்பது உனக்குத் தெரியும். மருமகள் போனில் இங்கிலீஷில் பேசுவதெல்லாம் என்னைப் பற்றித்தான் என்று எனக்குச் சந்தேகம். "நீ என்ன அம்புட்டுப் பெரிய ஆளா, ஒன்னையப் பத்திப் பேச?" என்று சிரித்தாய். அவள் பேசியது ஆபீஸ் விஷயம் என்று பிறகு தெரிந்தது. அதையும் நான் முழுசாக நம்பவில்லை.

சரி, நீ எதற்குச் சேர்ந்தாய்? மாட்டுத்தாவணியில் மல்லிகை வாங்கிக் கல்யாண வீடுகளுக்குக் கொடுப்பவளுக்கு இங்கிலீஷ் எதற்கு? கேட்டால், "சும்மாதான்டி" என்பாய். வாடிய பூவைக்கூட யாருக்கும் சும்மா கொடுக்காதவள் நீ.

மிஸ் போர்டில் மூன்று கட்டம் போடுவாள். செய்கிறவர் முதலில், செயல் நடுவில், எதைச் செய்கிறாரோ அது கடைசியில். தமிழில் கடைசியில் நிற்கிற வினையை நடுவே இழுத்துப்போட நாம் பட்ட பாடு! "ஐ காபி டிரிங்க்" என்று நான் சொன்னால், மிஸ் என் காபியைப் பிடுங்கி மூன்றாவது கட்டத்தில் வைப்பாள். பிறகு ஒவ்வொருத்தியும் எழுந்து தன் வீட்டைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அதுதான் அந்த வகுப்பின் வழக்கம். அலங்காநல்லூரிலிருந்து வருகிறவள், தன் புருஷன் தினமும் பாத்திரம் கழுவுகிறார் என்றாள். வாக்கியம் சரி, சங்கதி பொய் என்று உன் காதில் சொன்னேன்.

நீ மட்டும் கேள்விகளாகக் கேட்டாய். இனிமேல் நடக்கப்போவதை எப்படிச் சொல்வார்கள்? 'வில்' என்றால் கட்டாயம் நடக்குமா? 'மே' என்றால் நடக்காமலும் போகுமா? "எம்புட்டு நாளைக்குன்னு கேக்க என்ன சொல்லணும் மிஸ்?" எனக்கு ஏதோ குடைந்தது. படியிறங்கும்போது உன் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"யாரு வாயப் பிடுங்கப் போற? உண்மையச் சொல்லு."

"டாக்டரும் என் மகனும் என்னைய வச்சுக்கிட்டே இங்கிலீஷ்ல பேசுறாங்கடி. முடிச்சுட்டு என் பக்கம் திரும்பி, 'ஒண்ணுமில்லம்மா, வயித்துப்புண்ணு'ங்கிறான். வயித்துப்புண்ணுக்கு எதுக்குடி அவன் கண்ணு செவக்குது?"

என்னைத்தான் எல்லாரும் சந்தேகப் பிராணி என்பார்கள். அன்று நீ என்னைத் தோற்கடித்துவிட்டாய். எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு என்னையும் கூட்டிப்போனாய். டாக்டர் உன் மகனிடம் கடகடவென்று பேசினார். நடுவே ஒரு வாக்கியம் மட்டும் நிதானமாக வந்தது. "ஷி மே நாட் ஸீ பொங்கல்." எனக்கே புரிந்தது. நீயோ முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவளாக உட்கார்ந்திருந்தாய். திரும்பும்போது ஆட்டோவில், "புரிஞ்சுச்சா?" என்றேன்.

"எங்கடி, அம்புட்டு வேகமாப் பேசுறாரு. ஒண்ணும் வெளங்கல."

முகத்தை வெளியே திருப்பிக்கொண்டாய். நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. தோண்டிக் கேட்கவும் மனம் வரவில்லை.

அந்த வாரம் வகுப்பில் நீ எழுந்து, "மை சன் இஸ் டெல்லிங் எ லை" என்றாய். எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறதென்று மிஸ் கைதட்டினாள். நீ உட்காரவில்லை. "ஹி இஸ் எ குட் பாய்" என்றாய்.

"பொய் சொல்ற பையன் எப்படிம்மா குட் பாய்?" என்று மிஸ் சிரித்தாள்.

"ரெண்டும் சரிதான் மிஸ்."

வகுப்பே சிரித்தது. என்னால் முடியவில்லை. மகன் பாடுபட்டு மறைத்ததை உடைக்க உனக்கு மனமில்லை என்பது அப்போது புரிந்தது. என்னிடம்கூட நீ வாயைத் திறக்கவில்லையே என்ற கோபம் இன்னும் இருக்கிறது.

டாக்டர் சொன்னபடியே பொங்கலுக்கு முன்பு போய்விட்டாய். உன் மகன் அவ்வப்போது வீட்டுக்கு வருகிறான். "அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது சித்தி. அந்த ஒரு நிம்மதிதான்" என்பான். போன வாரம் வந்தவன், காபியை ஆற்றிக்கொண்டே கேட்டான்.

"சித்தி, அந்த கிளாஸ்ல அம்மா எம்புட்டுத்தான் படிச்சாங்க?"

சும்மா கேட்பதுபோலத்தான் கேட்டான். ஆனால் டம்ளரைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்தான். சந்தேகப்படுகிற கண் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

"எங்கய்யா படிச்சா? ஏ பி சி டியவே தாண்டல. ஊர்க்கதை பேசத்தான் அங்க வருவா."

அவன் தலையாட்டிவிட்டுக் காபியைக் குடித்தான். நம்பினானோ என்னவோ. அந்த வகுப்பிலேயே நீதான் நன்றாக இங்கிலீஷ் பேசினாய். அதை நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை.