விட்மோர் வனத்தின் பெயர்ப் பலகை

அன்புப் பேத்திக்கு,

"விட்மோர் பலகையை நானே கழற்றப் போறேன் பாட்டி, வந்து பாரு!" என்று வனத்துறையில் வேலை பார்க்கும் நீ போனில் குதித்தாய். கழற்றாதே.

அந்த ரெட்வுட் மரங்களை வெட்டவிடாமல் காத்தவன் அந்த விட்மோர்தான். நல்ல மரங்கள்தான். நம்மைப் போன்ற மெக்சிகோக்காரிகள் கலிபோர்னியாவில் பெருகக் கூடாதென்று கட்டாயக் கருத்தடைச் சட்டத்துக்கு ஆதரவு திரட்டியவனும் அவன்தான். உன் அம்மாவைப் பெற்ற கையோடு அரசாங்க ஆஸ்பத்திரியில் எனக்கு மயக்க மருந்து கொடுத்து வயிற்றைக் கிழித்தார்கள். "குடல்வால் ஆபரேஷன்தாம்மா, அழாதே," என்றாள் நர்ஸ். அதன்பிறகு எனக்குப் பிள்ளையே இல்லை. குடல்வால் மட்டும் இன்னும் வயிற்றிலேயே இருக்கிறதாம், போன மாதம் டாக்டர் சொன்னார்.

பலகை போனால் அவனை மறந்துவிடுவார்கள். எனக்கு அது பொறுக்காது. அவன் பெயருக்குக் கீழே என் பெயரையும், எனக்குச் செய்ததையும் எழுது. மரம் பார்க்க வருகிறவர்கள் இரண்டையும் படிக்கட்டும்.

எழுதி முடி. அன்றைக்கு வருகிறேன்.

உன் அம்மாவை மட்டும் பெற்றவள்